சாட்ஸ்வொர்த்தின் செப்பு மரம்

பழைய மாளிகைகளில் குழந்தைகள் சலிப்படைவார்கள் என்று சிலர் இங்கே எழுதியிருப்பதால், இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு நாங்கள் சென்றுவந்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.

மாளிகையின் உள்ளறைகளை விரைவாகவே பார்த்து முடித்தோம். தோட்டத்தில் பாறைகளின் நடுவே நின்ற ஒரு வில்லோ மரத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்த என் ஏழு வயது மகள், "காத்தடிக்குது, ஒரு இலைகூட அசையலையேப்பா" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் கிளைகளின் நுனிகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து எங்கள் இருவரையும் நனைத்துவிட்டது. செம்பினால் செய்த அந்த மரத்தை முதன்முதலாக அமைத்தது 1690-களில், பின்னர் புதுப்பித்திருக்கிறார்கள். 1832-இல் பதின்மூன்று வயது இளவரசியாக அங்கே வந்த விக்டோரியாவும் இதைக் கண்டு வியந்திருக்கிறார் என்று சொன்னதும், மகள் அந்த இடத்தை விட்டு நகர மறுத்துவிட்டாள்.

பத்து வயது மகனை ஈர்த்தது எம்பரர் நீரூற்று. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸின் வருகையை எதிர்பார்த்து, தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1844-இல் அமைத்தது அது, பேரரசரோ வரவேயில்லை. "மோட்டார் எங்கே இருக்கு?" என்று மகன் தேடினான். மேலே குன்றில் வெட்டிய ஏரியிலிருந்து குழாய்வழி இறங்கும் நீரின் அழுத்தமே அதை அவ்வளவு உயரம் எழுப்புகிறது என்பதை, நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை உதாரணம் காட்டி விளக்கினேன். நம் ஊர்ப் பச்சை வாழைப்பழம் சேர்ந்த கேவண்டிஷ் வகைக்குப் பெயர் வந்ததும் இங்கிருந்துதான். 1830-களில் பாக்ஸ்டன் இங்கே வளர்த்த வாழைக்கு இம்மாளிகையின் உரிமையாளரான கேவண்டிஷ் குடும்பத்தின் பெயரைச் சூட்டினார்கள்.

யூ மரப் புதர்களால் 1962-இல் அமைத்த சுற்றுவழிப் புதிரில் பிள்ளைகள் இருவரும் வழி தவறி மகிழ்ந்தார்கள். 1920-இல் இடிக்கப்பட்ட மாபெரும் கண்ணாடிப் பசுமைக்கூடம் நின்ற இடம் அது. பண்ணையில் பால் கறக்கும் செயல்விளக்கமும், அதை ஒட்டிய விளையாட்டுத் திடலும் சிறு குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றவை.

செல்பவர்கள் செப்பு மரத்தைக் கடைசியாகப் பார்ப்பது நல்லது. மாற்றுடையும் ஒரு துண்டும் கையில் இருக்கட்டும். நாங்கள் எடுத்துச் செல்லாததால், மகள் என் சட்டையைப் போர்த்திக்கொண்டுதான் பண்ணையைச் சுற்றினாள்.