ஃபயர் டிஸ்ட்ரிக்ட் லெவி பேலட்ல வந்திருக்கு, யெஸ்ஸா நோவா?

மழைநாட்டான்:
போன வருஷந்தான் சிட்டிசன்ஷிப் கெடச்சுது, இதான் எனக்கு மொத மொத பேலட் (ஓட்டுச்சீட்டு), தபால்ல வந்து ஒரு வாரமா டைனிங் டேபிள்ல கெடக்கு. வாஷிங்டன் ஸ்டேட், கிங் கவுண்டி, சியாட்டில்ல இருந்து கெழக்கால தள்ளி இருக்கோம். எங்க ஃபயர் டிஸ்ட்ரிக்ட், அதான் ஏரியா தீயணைப்பு அமைப்பு, லெவின்னு ஒரு சொத்து வரிய இப்ப ஆயிரம் டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வாங்குறாங்க, அத 1.50 ஆக்கணுமாம். வீட்டோட அசெஸ்டு வேல்யூ, அதான் வரிக்காக போட்ட மதிப்பு, 9 லட்சம், அப்ப வருஷத்துக்கு 405 டாலர் கூட. எனக்கு புரியாதது இதான், அஞ்சு வருஷம் முன்னாடி வாங்குறப்ப இதே வீடு 6 லட்சம், இப்ப 9, அப்ப அவங்களுக்கும் வரி ஒன்றரை மடங்கு ஏறியிருக்கணும்ல, அப்புறம் எதுக்கு மறுபடி கை நீட்டுறாங்க? 2025 நவம்பர்ல மெடிக் ஒன்னு அவசர மருத்துவ லெவி வேற பாஸ் ஆச்சே, அதுவும் இதுவும் ஒண்ணா? ஊர்ல 101 அடிச்சா ஃபயர் வண்டி வரும், அதுக்கு நாம ஓட்டு போட்டதா ஞாபகமே இல்ல.

பழைய_பெல்வியூ:
தம்பி, எல்லாரும் இங்கதான் வழுக்குவாங்க, நானும் வழுக்குனேன். இங்க ரேட்ட வச்சு வசூல் இல்ல, மொத்த தொகைய வச்சு வசூல். டிஸ்ட்ரிக்ட் போன வருஷம் எவ்ளோ வசூல் பண்ணுச்சோ அதுக்கு மேல 1 சதவீதந்தான் ஏத்த முடியும், புதுசா கட்டுன வீட்டு வரி மட்டும் அதுக்கு மேல. 2001ல இனிஷியேட்டிவ் 747னு ஜனங்களே ஓட்டு போட்டு கொண்டு வந்தது, 2007ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னுச்சு, அதே வருஷம் சட்டசபை உக்காந்து அதே 1 சதவீதத்த திரும்ப சட்டமாக்கிடுச்சு. அதனால வீட்டு விலை ஏற ஏற ரேட் தானா எறங்கிட்டே வரும். பழைய வரி பில்ல எடுத்துப் பாருங்க, 6 லட்சமா இருந்தப்ப ரேட் 1.50 பக்கம் இருந்திருக்கும். 6 லட்சத்துக்கு 1.50 போட்டா 900, 9 லட்சத்துக்கு 1.05 போட்டா 945. அஞ்சு வருஷத்துல உங்ககிட்ட இருந்து அவங்களுக்கு கூட வந்தது 45 டாலர், அதுக்குள்ள சம்பளம், டீசல், ஃபயர் இன்ஜின் விலை எல்லாம் எங்கயோ போயிடுச்சு. அதான் மூடிய தொறந்து விடுங்கன்னு கேக்குறாங்க, லிட் லிஃப்ட்னு பேரே அதுக்குத்தான்.

மெடிக் ஒன் வேற கணக்கு. அது கவுண்டி முழுக்க, ஆயிரத்துக்கு 25 சென்ட், 2026ல இருந்து 2031 வரைக்கும். 911 அடிச்சா மொதல்ல வர்றது பக்கத்து ஸ்டேஷன் இன்ஜின், அதுல இருக்குறவங்க இஎம்டி, அதான் முதலுதவி பயிற்சி எடுத்தவங்க, அந்த ஸ்டேஷன் இந்த லெவில ஓடுது. பின்னாடி வர்ற பாராமெடிக் மெடிக் ஒன்.

சும்மா_சொல்றேன்:
நான் நோ தான் போடுவேன். கணக்கு சரி, ஆனா ஸ்கூல் லெவி, பார்க் லெவி, லைப்ரரி லெவி, எல்லாரும் இதே கதையத்தான் சொல்றாங்க, தனித்தனியா பாத்தா எல்லாமே நியாயம், கூட்டிப் பாத்தா வயிறு எரியுது. அதுவும் ஏப்ரல் எலெக்ஷன்ல கொண்டு வராங்க, யாரும் எட்டிக்கூட பாக்காத நேரம், இதுக்கு பாதிக்கு மேல ஒரு ஓட்டு இருந்தா போதும். பில்டிங் கட்ட பாண்ட், அதான் கடன் பத்திரம், கேட்டா மட்டும் 60 சதவீதம் வேணும். பேலட்ல ‘பெர்மனெண்ட்’னு வார்த்தை இருக்கான்னு பாருங்க, அந்த வார்த்தை இல்லாத டெம்பரரி லெவின்னா காலம் முடிஞ்சதும் பழைய அளவுக்கு எறங்கிடும், பெர்மனெண்ட்னா அவ்ளோதான். அதுக்கு ஃபயர் பெனிஃபிட் சார்ஜ் எவ்ளவோ மேல, வீட்டு விலைய பாக்காம கட்டடத்தோட சைஸ், ரிஸ்க்க பாத்து போடுவாங்க.

மதுரைக்காரி_ரெட்மண்ட்:
எனக்கு ஓட்டே இல்ல, எச்1பி, ஆனா எஸ்க்ரோல, அதான் வீட்டுக்கடன் தவணையோட சேத்து, மாசாமாசம் இந்த வரிய கட்டிட்டுதான் இருக்கேன், அதனால என் கருத்த இங்கயாச்சும் கொட்டிக்கிறேன். ரெண்டு வருஷம் முன்ன அப்பா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, ராத்திரி நெஞ்சு வலி, 911 அடிச்சு நான் அட்ரஸ் சொல்லி முடிச்சு வாசல் லைட்ட போடுறேன், இன்ஜின் வந்து நிக்குது. தீ எங்கயும் இல்லயே எதுக்கு இவ்ளோ பெரிய வண்டின்னு அம்மா திகைச்சுட்டாங்க. பின்னாடியே மெடிக்ஸ் வந்து அவங்க வண்டிலயே கொண்டு போனாங்க. அதுக்கு பில் வருமேன்னு மூணு மாசம் தபால் பெட்டிய பாத்துட்டே இருந்தேன், மெடிக் ஒன்ல இருந்து வரவே இல்ல, ஆஸ்பத்திரி பில் வந்துச்சு, அத விடுங்க. நானா இருந்தா யெஸ்.

பழைய_பெல்வியூ:
@சும்மா_சொல்றேன், பெனிஃபிட் சார்ஜுக்கும் ஜனங்க ஓட்டுதான் வேணும், அதுவும் மொத தடவ 60 சதவீதம். இன்னொண்ணு, எரியுற வீட்டுக்குள்ள ரெண்டு பேர் போகணும்னா வெளிய ரெண்டு பேர் ரெடியா நிக்கணும், உள்ள ஆள் மாட்டியிருக்குன்னு தெரிஞ்சாதான் விலக்கு. இன்ஜின்ல ரெண்டே பேர்னு குறைச்சா அடுத்த வண்டி வர்ற வரைக்கும் வெளிய நின்னு தண்ணிய பீச்ச வேண்டியதுதான். டிஸ்ட்ரிக்ட்ட நடத்துற ஃபயர் கமிஷனர் மீட்டிங் எல்லாருக்கும் திறந்ததுதான், போய் செலவு கணக்க கேளுங்க, நான் போனப்ப காலி நாற்காலிதான் இருந்துச்சு. வயசானவங்க யாராச்சும் வீட்டு சொந்தக்காரரா இருந்தா, 61 ஆகி வருமானம் கம்மின்னா வரி விலக்கு இருக்கு, பாதி பேர் அப்ளை பண்றதே இல்ல.

மழைநாட்டான்:
பழைய பில்ல தேடி எடுத்துட்டேன், 1.49! பேலட்ல பெர்மனெண்ட்னுதான் போட்டிருக்கு, அது கொஞ்சம் உறுத்துது, இருந்தாலும் யெஸ் பக்கம் சாஞ்சுட்டேன். வீட்டம்மாவுக்கு கிரீன் கார்டுதான், ஓட்டு இல்ல, ஆனா போடச் சொல்றது அவங்கதான். கடைசி டவுட், கவர்ல ஸ்டாம்ப் ஒட்டணுமா?

மதுரைக்காரி_ரெட்மண்ட்:
ஸ்டாம்ப் வேணாம் அண்ணா, அவங்களே கட்டிட்டாங்க. கவர் மேல கையெழுத்து போட மறந்துடாதீங்க, என் ஃப்ரெண்ட் மறந்துட்டு அப்புறம் லெட்டர் வந்து ஒரே அலைச்சல்.