சொல் வேண்டும்: எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜ் டி.சி. (வெள்ளிக்கிழமைக்குள்)

டீச்சர், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் ஒரு மின் வகுப்பு தொடங்குகிறோம். எஸ்டேட் தோட்டத்தில் இன்னும் இருப்பவர்களும் வருவார்கள், தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்துவிட்டவர்களும் வருவார்கள். சோலார் பலகை, பேட்டரி, பன்னிரண்டு வோல்ட் விளக்கு, வாசலுக்கு ஒரு கேமரா என்று அவரவரே வாங்கிப் பூட்டிக்கொள்கிறார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லத்தான் வகுப்பு.

கையேடு மலாயில் கைக்கு வந்துவிட்டது. தமிழ்ப் படி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜ் டி.சி., அதாவது பேட்டரியிலிருந்து ஒரே பக்கமாக ஓடும் சின்ன வோல்ட் கரண்ட், இதற்குத் தமிழ் தெரியாமல் தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். "குறைந்த மின்னழுத்த நேர் மின்னோட்டம்" என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே ஒட்டவில்லை. 2003இல் மலேசியப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்குப் போனபோது ஒன்றாம் ஆண்டில் உட்கார்ந்த பிள்ளைகள்தான் இன்றைக்கு வகுப்புக்கு வரும் அப்பா அம்மாக்கள். மின்னழுத்தம் என்றாலே முழிப்பார்கள். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

சார்ஜ்மேன் (மின் பொறுப்பாளர், ஓய்வு), சுங்கை சிப்புட்

டீச்சர், "குறைந்த" வேண்டாம். நம் ஆட்களுக்கு வோல்டேஜ் குறைந்தது என்றால் வேறு பொருள். சாயங்காலம் ஊரே ஒன்றாகச் சமைக்கும்போது விளக்கு மங்கும், காற்றாடி நகராது, ஐஸ்பெட்டி முனகும். உடனே மின்வாரியத்து எல்.எல்.என்.காரனைத் திட்டுவார்கள். எல்.எல்.என். 1990இல் தெனாகா நேஷனல் ஆகிவிட்டது, வசவு மட்டும் பழைய பெயருக்கே போகிறது. அது 230 வர வேண்டிய இடத்தில் 190 வருவது. உங்கள் விஷயம் அது இல்லை.

அடுத்தது இதைவிட முக்கியம். லோ வோல்டேஜ் வேறு, எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜ் வேறு. ஐ.இ.சி. என்ற உலக மின் தர அமைப்பின் கணக்கில் லோ வோல்டேஜ் என்பது ஏ.சி.யில் (வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) 1000 வோல்ட் வரை, டி.சி.யில் 1500 வோல்ட் வரை. வீட்டுக்கு வரும் 230கூட லோ வோல்டேஜ்தான், ஆளைக் கொல்லும். எக்ஸ்ட்ரா லோ என்பது ஏ.சி. 50, டி.சி. 120 வரை. இரண்டுக்கும் "குறைந்த" என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு அப்புறம் அழக்கூடாது.

தமிழாசிரியர் (ஓய்வு), பீடோர்

சார்ஜ்மேன் அவர்கள் பொருள் வேறுபாட்டைச் சரியாகப் பிடித்துவிட்டார். இலக்கணமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. குறை வேறு, குறுமை வேறு. இருக்க வேண்டியது இல்லாமல் போனால் குறை. இயல்பிலேயே சிறிதாக இருந்தால் குறுமை. குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: குறுமை, இயல், உகரம். ஈற்று மை கெட்டு, ஒற்று இரட்டி, உகரம் போய்ப் புணர்ந்தது. அதே வழியில் குறுமையும் அழுத்தமும் சேர்ந்தால் குற்றழுத்தம். எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜுக்கு இதைவிடச் செறிவான சொல் அமையாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கையேட்டில் மின்கலம், மின்கம்பி என்றெல்லாம் வரும். தொல்காப்பியர் புள்ளி மயங்கியலில் மின் என்னும் சொல்லைத் தொழிற்பெயர் போல நடத்தச் சொல்கிறார். வல்லினம் வந்தால் உகரச் சாரியை பெற வேண்டும். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு "மின்னுக் கடிது". அப்படியானால் மின்கலம் பிழை, மின்னுக்கலம் என்பதே சரி. மின்சாரத்தை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை, அதில் பாதி நம்முடையது அல்ல. இது பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுவோர் கேட்கலாம்.

சார்ஜ்மேன், சுங்கை சிப்புட்

ஐயா, உங்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை. ஆனால் சுவிட்ச் பெட்டியில் "குற்றழுத்தம்" என்று எழுதி ஒட்டினால் யார் என்ன குற்றம் செய்தார்கள் என்றுதான் கேட்பார்கள். மின்னுக்கலத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அக்கா, கிள்ளான்

நாங்கள் சிலோன் குடும்பம். இலங்கைப் பாடநூல்களில் டி.சி.க்கு நேரோட்டம், ஏ.சி.க்கு ஆடலோட்டம் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அங்கே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சையில் பௌதிகத்தையே தமிழில்தான் எழுதுகிறார்கள். வோல்டேஜுக்கு வோல்ற்றளவு, ஃபியூசுக்கு உருகி. ஆடலோட்டம் என்பதைக் கேட்டாலே அலை ஆடுவது கண்ணில் படுகிறது. கையில் இருப்பதை விட்டுவிட்டு எதற்குப் புதிதாகக் கடைகிறீர்கள்?

பாலிடெக்னிக் தம்பி, ஈப்போ

அக்கா, ஆடலோட்டம் எனக்கும் பிடித்த சொல். மலாயிலும் ஏ.சி.யை அருஸ் உலாங்-அலிக், போய்ப் போய் வருவது என்றுதான் சொல்கிறார்கள். நேரோட்டத்தில்தான் இடிக்கிறது. நம் பாடத்தில் நேர் என்றால் பிளஸ்: நேர்மின்வாய், நேர்முனை, நேர்மின்னூட்டம். டீச்சர் அனுப்பிய படியிலேயே "நேர் கம்பி சிவப்பு, எதிர் கம்பி கறுப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்து "நேரோட்டக் கம்பியைத் தனிக் குழாயில் இழுக்கவும்" என்று வந்தால், சிவப்பை மட்டும் தனியாக இழுப்பதா, இரண்டையும் சேர்த்தா? டி.சி.யில் பிளஸ் மைனஸ் மாறினால் சில சாமான்கள் அங்கேயே புகைந்துவிடும். தொலைபேசி நிலையங்களின் 48 வோல்ட்டில் பிளஸ் பக்கத்தைத்தான் எர்த்தில் கட்டுவார்கள், அங்கே குழப்பம் இன்னும் கூடும்.

"ஒருதிசை மின்னோட்டம்" என்று வைத்தால் என்ன? ஏ.சி.க்கு மாறுதிசை ஏற்கெனவே இருக்கிறது, ஜோடி பொருந்தும்.

எஞ்சினியர், சென்னை

ஒருதிசை என்றால் ஒரே பக்கம் ஓடுவது, அவ்வளவுதான். ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையரில் விட்டால் வெளியே வருவதும் ஒருதிசைதான், ஆனால் அது மேடும் பள்ளமுமாக வரும். உங்கள் 120 வோல்ட் வரம்பு ஏற்ற இறக்கம் இல்லாத சமமான டி.சி.க்கு மட்டும் சொன்னது. சொல்லில் அது வரவில்லையே? "சீரொருதிசை மின்னோட்டம்" என்றால் முழுமையாக இருக்கும்.

டீச்சர், சுங்கை சிப்புட்

சார், அது நாக்கில் வரவில்லை. இது தோட்டத்து வகுப்பு. ஏற்ற இறக்கம் பற்றி உள்ளே ஒரு வரி எழுதிவிடுகிறேன். இன்றைக்குப் புதன்கிழமை என்பதை மட்டும் எல்லாரும் நினைவில் வையுங்கள்.

சார்ஜ்மேன், சுங்கை சிப்புட்

சொல்லை நீங்கள் பாருங்கள். அந்தச் சொல் எதை மறைக்கக்கூடாது என்று நான் சொல்கிறேன்.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையையும் காய்ந்த கையால் தொட்டால் ஒன்றும் தெரியாது. அதைச் செய்து காட்டித்தான் எல்லாரும் "டி.சி. ஒன்னும் பண்ணாது" என்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவன் லாரி பேட்டரியைக் கழற்றும்போது எஃகுப் பட்டை வாட்சோடு குனிந்தான். பட்டை ஒரு பக்கம் பிளஸ் முனையில், இன்னொரு பக்கம் லாரியின் பாடியில். ஷாக் அடிக்கவே இல்லை. லாரி பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பட்டை சிவந்தது, அவன் கையை உதறுவதற்குள் மணிக்கட்டைச் சுற்றி வளையமாகத் தோல் வெந்துவிட்டது. அதனால்தான் மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பேட்டரிப் பக்கம் போகச் சொல்கிறேன். ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் உள்ள கம்பியை யார் காப்பாற்றுவது? ஈயப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், பக்கத்தில் சாம்பிராணியும் போடாதீர்கள்.

அடுத்தது சுவிட்ச். 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், சுவிட்சைத் திறந்தால் தீப்பொறி அங்கே அறுந்துவிடும். டி.சி.க்குப் பூஜ்யமே கிடையாது. பொறி பிடித்துக்கொண்டு நிற்கும், உள்ளே உருகும். வீட்டு ஏ.சி. சுவிட்சைக் கழற்றி சோலார் லைனில் போடுபவர்களை நான் இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன். சுவிட்சில் டி.சி. எத்தனை வோல்ட் என்று தனியாக அச்சடித்திருக்க வேண்டும்.

யானையைத் தடுக்கும் மின்வேலியும் இருக்கிறது. காட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் அந்த வேலிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி மேல் 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். உள்ளே போவதுதான் பன்னிரண்டு. வேலிக்கு வருவது சில ஆயிரம் வோல்ட், நொடிக்கு ஒரு தட்டு. பெட்டியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவன் கம்பியில் கை வைப்பான்.

பாலிடெக்னிக் தம்பி, ஈப்போ

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்க்கலாம். 120 வாட் சாமான் 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் இழுக்கும், பன்னிரண்டு வோல்ட்டில் பத்து ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் பத்து மீட்டர் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் கம்பியிலேயே போய்விடும். பன்னிரண்டில் ஒன்றரை போனால் மிச்சம் என்ன? மெல்லிய ஸ்பீக்கர் வயரில் இழுத்தால் கம்பியே சூடாகும். "சின்ன வோல்ட், சின்ன வயர் போதும்" என்ற நினைப்புத்தான் தீ விபத்தில் முடிகிறது.

பெரிய சோலார் பலகை ஒன்று வெறுமனே வெயிலில் இருந்தாலே நாற்பது வோல்ட்டுக்கு மேல் காட்டும். அப்படிப்பட்ட பலகை மூன்றைத் தொடராகக் கட்டினால் 120ஐத் தாண்டிவிடும், அப்புறம் அது எக்ஸ்ட்ரா லோ இல்லை. வெயிலுக்கு சுவிட்சும் கிடையாது.

பாசார் மாலாம் (இரவுச் சந்தை) சார்ஜர்களில் சிலவற்றில் மெயின் பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள பிரிப்பு ஒழுங்காக இருக்காது. ஐந்து வோல்ட் என்று எழுதிய வயரில் 230 வந்து நிற்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். வாத்தியார் ஐயா வழியிலேயே, குறுமைக்குப் பதில் சிறுமை. சிற்றூர், சிற்றுண்டி, சிற்றழுத்தம். அதற்கு மேலே 1000, 1500 வரை தாழழுத்தம். அதற்கும் மேலே உயரழுத்தம். மூன்று படி, மூன்று சொல்.

தமிழாசிரியர், பீடோர்

புணர்ச்சி சரி. ஆனால் சிறுமை என்பதில் இழிவும் உண்டு, துன்பமும் உண்டு. குறுமையில் அது இல்லை. தாழழுத்தம் ஏற்கத்தக்கது. குற்றழுத்தத்தை விட எனக்கு மனம் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மக்கள் சிரிப்பார்கள் என்பதற்காகச் சொல்லை விடுவதானால் குற்றாலத்துக்கும் பெயர் மாற்ற வேண்டியிருக்கும்.

அக்கா, கிள்ளான்

சிற்றழுத்தத்துக்குச் சம்மதம். ஒருதிசைக்குச் சம்மதம் இல்லை. நேர் பிளஸ் என்றால் பிளஸுக்குச் சொல்லை மாற்றுங்கள்.

டீச்சர், சுங்கை சிப்புட்

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். சிற்றழுத்தத்துக்கு வாத்தியார் ஐயா தவிர எல்லாரும் சரி என்கிறீர்கள். ஒருதிசைக்கு அக்காவும் சென்னை சாரும் எதிர்ப்பு, மற்றவர்கள் களைத்துப்போய் ஒத்துக்கொண்ட மாதிரி தெரிகிறது. அதனால் தலைப்பு: "சிற்றழுத்த ஒருதிசை மின்னோட்டம்". அதன் கீழேயே, "120 வோல்ட்டுக்கு மேல் போகாத டி.சி. கரண்ட்". உள்ளே எல்லா இடத்திலும் டி.சி. என்றே இருக்கும். பிளஸ், மைனஸ் அப்படியே. மின்கலமும் இல்லை, மின்னுக்கலமும் இல்லை, பேட்டரி.

சார்ஜ்மேன், சுங்கை சிப்புட்

டி.சி. என்று போட்டதற்கு நன்றி. "சிறு" என்று தலைப்பில் இருப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சின்னது என்று படித்ததும் கை முன்னால் போகும். முடிந்தால் தலைப்புக்கு நேர் கீழே சிவப்பில் "ஷாக் அடிக்காது, ஆனால் தீப்பிடிக்கும்" என்று போடுங்கள்.

பாலிடெக்னிக் தம்பி, ஈப்போ

அண்ணே, "ஷாக் அடிக்காது" என்று அச்சில் போடக்கூடாது. 120 வோல்ட்டை ஈரக் கையோடு தொட்டால் அடிக்கும். "தீப்பிடிக்கும், ஈரக் கையோடு தொடாதே" என்று போடலாம்.

டீச்சர், சுங்கை சிப்புட்

தம்பி சொன்னபடியே போட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் எர்த் பாடம். அதற்கு ஒரு சொல் வேண்டும்.

தமிழாசிரியர், பீடோர்

நிலத்தொடுப்பு. புவி என்று யாரும் தொடங்க வேண்டாம், அது வடசொல்.

அக்கா, கிள்ளான்

இலங்கையில் புவித்தொடுப்பு என்பது எப்போதோ முடிவாகிவிட்டது.