மோட்டார்ஹோம் கூரை ஆன்டெனா: மாற்றலாமா, பழையதே போதுமா?

நெடுவழி:
எங்கள் மோட்டார்ஹோமில் இருப்பது பழைய வகை. உள்ளே கைப்பிடியைச் சுற்றினால் கூரையில் எழும்புமே, வௌவால் இறக்கை மாதிரி, அது. முன்பெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தினாலும் தாராளமாகச் சேனல் வரும். இப்போது பாதிகூட வருவதில்லை, வருவதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. பக்கத்தில் வந்து நிற்கும் வண்டிகளில் எல்லாம் தட்டையான வட்ட ஆன்டெனா, தூக்கவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். நானும் அதற்கே மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். மாற்றி நிம்மதியானவர்கள், மாற்றி நொந்தவர்கள், இரண்டு பேரும் சொல்லுங்கள்.

அலைநீளம்:
இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஆன்டெனா வெறும் உலோகம். உடையாமல் வளையாமல் இருந்தால் அதற்கு வயதாவதில்லை, டிஜிட்டலா அனலாக்கா என்ற பேதமும் அதற்குத் தெரியாது. "டிஜிட்டல் ஆன்டெனா" என்று பெட்டியில் போட்டிருப்பது விற்பதற்காக. கெட்டுப்போவது அதைச் சுற்றி இருப்பவைதான்: கூரையில் வெயிலும் மழையும் படுகிற கனெக்டர், ஆன்டெனா தலையிலேயே இருந்து சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர், ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிற அந்த ஒரு முழ கேபிள்.

முதலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் பலகையைப் பாருங்கள். பட்டனை அழுத்தினால் ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும். 12 வோல்ட் மின்சாரம் அங்கிருந்து கேபிள் வழியாகவே மேலே பூஸ்டருக்குப் போகிறது. அது அணைந்திருந்தால் ஆன்டெனாவுக்கும் டிவிக்கும் தொடர்பே இருக்காது, ஏனென்றால் பல வண்டிகளில் அதே பட்டன்தான் ஆன்டெனாவிலிருந்து வெளிக் கேபிள் டிவி இணைப்புக்கு மாற்றுகிறது. யாராவது தெரியாமல் தட்டிவிட்டிருந்தாலும் போச்சு.

கூரைக்காரர்:
அலைநீளம் சொல்வது புத்தகத்துக்குச் சரி. நான் வண்டிக் கூரையில் ஏறி வேலை செய்கிறவன், அங்கிருந்து பார்த்தால் கதை வேறு. அந்தக் கைப்பிடி ஆன்டெனாவில் பல்சக்கரம் தேய்கிறது, அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்து அது வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, இறக்கும்போது நேராகத் திருப்பி வைக்காமல் இறக்கினால் கை கோணிக்கொள்கிறது. இதையெல்லாம் விடுங்கள், இறக்க மறந்து வண்டியை எடுத்துவிட்டு முதல் மரக்கிளையில் பிய்த்துக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! ஸ்டியரிங்கில் சீட்டுக் கட்டித் தொங்கவிட்டும் மறக்கிறார்கள். ஆன்டெனா மட்டும் போனால் பரவாயில்லை, அடித்தட்டோடு கூரையையும் கிழித்துக்கொண்டு போகிறது. அசையும் பாகமே இல்லாத ஒன்றைப் போட்டால் இந்தத் தலைவலி மொத்தமும் தீரும்.

அலைநீளம்:
தலைவலி தீரும், சேனலும் தீரும். நெடுவழி கேட்டது சேனல் குறைகிறது என்று. அதற்குப் பதில் வசதி இல்லையே.

கணக்கைப் பாருங்கள். டிவி வருவது இரண்டு அலைவரிசைப் பகுதிகளில்: தாழ்ந்தது விஎச்எஃப், உயர்ந்தது யூஎச்எஃப். 500 மெகாஹெர்ட்ஸில், அதாவது யூஎச்எஃப்பில், அலையின் நீளம் 60 செ.மீ., அதில் பாதி 30. அரை மீட்டர் வட்டத் தட்டுக்குள் இது நன்றாகவே அடங்கும். அதே தட்டை 180 மெகாஹெர்ட்ஸ் விஎச்எஃப்புக்கு வைத்தால் பாதி அலையே 83 செ.மீ., அடங்காது. சுருட்டி மடக்கிப் பூஸ்டரை வைத்துச் சமாளிக்கிறார்கள், அவ்வளவுதான். வௌவால் இறக்கை ஏன் அவ்வளவு அகலமாக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? விஎச்எஃப்புக்காகத்தான். அதற்கு யூஎச்எஃப் கொஞ்சம் பலவீனம் என்பதும் உண்மை. அதனால்தான் முன்பக்கம் மாட்டிக்கொள்ள ஒரு சின்னத் துணைப்பாகம் விற்கிறார்கள், ஸ்க்ரூகூட இல்லை, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். ஆசை அடங்கவில்லையென்றால் அதை வாங்குங்கள்.

சித்ரா_பயணி:
எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள். வட்டத் தட்டு எல்லாத் திசையிலும் கேட்கும், எந்தத் திசையிலும் உன்னிப்பாகக் கேட்காது. நகரத்தை ஒட்டி நின்றால், அதுவும் கோபுரங்கள் நாலு பக்கமும் இருந்தால், அதுதான் நல்லது. திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. தூரத்தில் நின்றால், இல்லையென்றால் கட்டடமோ மலையோ அலையைத் திருப்பி அடிக்கிற இடத்தில் நின்றால், ஒரே பக்கம் பார்க்கும் ஆன்டெனாதான் பிழைக்கும்.

நாங்கள் மாற்றினோம். மாமாவுக்குச் செய்தி வந்தால் போதும், நான் மழையில் கைப்பிடி சுற்ற வேண்டாம், அதனால் வருத்தமில்லை. ஆனால் நகரத்தைத் தாண்டினால் பழையதைவிடக் குறைவாகத்தான் வருகிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இன்னொன்று, நெடுவழி: ஒவ்வொரு இடத்துக்குப் போனதும் மறுபடி சேனல் ஸ்கேன் செய்கிறீர்களா? வண்டியை இரவல் வாங்கிப் போனவர்கள் பலர் இதைச் செய்யாமல் "டிவி கெட்டுப்போச்சு" என்று திருப்பித் தந்த கதை உண்டு.

மலைச்சரிவு:
இந்தக் காலத்தில் ஆன்டெனாவுக்கு இவ்வளவு பேச்சா? செயற்கைக்கோள் இணையம் தரும் ஸ்டார்லிங்க் மினியை எடுத்துக் கூரையில் வையுங்கள், எல்லாமே இணையத்தில் வருகிறது. கோபுரம் எந்தப் பக்கம் என்று தேடுவதெல்லாம் முடிந்துபோன விஷயம்.

சித்ரா_பயணி:
மாதாமாதம் கட்டணம் யார் கட்டுவது? மினியே ஓடும்போது 25 முதல் 40 வாட் இழுக்கும், பேட்டரியில் நிற்கும்போது அது சும்மா இல்லை. பூஸ்டர் குடிப்பது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. மரத்தடியில் நிழலுக்கு நிறுத்தினால் அதற்கு வானம் தெரியாது. இணையம் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே வைத்திருந்தால் சரி. செய்தி பார்க்க மட்டும் என்றால் வீண்.

மலைச்சரிவு:
நான் நிற்கும் பள்ளத்தாக்குகளில் எந்த ஆன்டெனாவும் எதையும் பிடிக்காது, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கூரைக்காரர்:
அதில் மலைச்சரிவு பக்கம்தான் நான். மலை மறைத்தால் தீர்ந்தது. ஆனால் சமவெளியில் புது ஆன்டெனாக்கள் நன்றாகவே இழுக்கின்றன, பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் பாதி கிடைத்தாலும் போதுமே.

அலைநீளம்:
பெட்டியில் போட்டிருக்கும் தூரமா! 200 கிலோமீட்டர், 250 கிலோமீட்டர் என்று அச்சடிக்கிறார்கள். பூமி உருண்டை என்பதையாவது கணக்கில் எடுத்தார்களா? ரேடியோ அடிவானத்துக்கு எளிய கணக்கு உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும், கோபுரத்துக்கு ஒன்று, நமக்கு ஒன்று, இரண்டையும் கூட்ட வேண்டும். 300 மீட்டர் கோபுரத்துக்கு சுமார் 71 கி.மீ., 4 மீட்டரில் இருக்கும் நம் ஆன்டெனாவுக்கு 8. ஆக 80க்குக் கொஞ்சம் கீழே. அதைத் தாண்டியும் சில நாள் வரும், காற்றடுக்கு கைகொடுத்தால், ஆனால் அதை நம்பி யாரும் பணம் போடக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால் ஆன்டெனாவைக் கூரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்குவதால் இந்தக் கணக்கில் கூடுவது ஒரு கிலோமீட்டர்தான். ஏசி பெட்டியும் பக்கத்து வண்டியும் மறைக்காது என்பதே தூக்குவதில் உள்ள பெரிய லாபம்.

பூஸ்டரும் அப்படித்தான். ஆன்டெனாவில் விழாததை அது உண்டாக்காது, விழுந்தது கேபிளில் தேயாமல் டிவிவரை வந்து சேர உதவும். கோபுரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றால் பூஸ்டர் திணறி, வர வேண்டியதையும் கெடுக்கும். அப்போது சிக்னலைக் குறைத்தால்தான் படம் வரும், செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள்.

நெடுவழி:
ஸ்கேன் செய்கிறேன் சித்ரா, ஒவ்வொரு நிறுத்தத்திலும். பட்டன் விளக்கும் எரிகிறது. அப்படியானால் முன்பு வந்தது இப்போது ஏன் வரவில்லை? அதுதான் என் சந்தேகமே.

அலைநீளம்:
இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சேனலே இடம் மாறியிருக்கும். அமெரிக்காவில் 2017 முதல் 2020 வரை யூஎச்எஃப்பின் மேல்பகுதியைச் செல்பேசிக்குக் கொடுத்துவிட்டு நிலையங்களை 36ஆம் சேனலுக்கும் அதற்குக் கீழேயும் நகர்த்தினார்கள், ஐரோப்பாவிலும் 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருந்ததைக் காலி செய்தார்கள். திரையில் தெரியும் எண் பழையபடியே இருக்கும், உள்ளே அலைவரிசை வேறு. ஜெர்மனியில் 2017ல் ஒளிபரப்பு முறையையே மாற்றினார்கள், பழைய டிவிக்கு அது புரியாது. அங்கே ஆன்டெனாவை எத்தனை மாற்றினாலும் படம் வராது, சிக்னலைப் படமாக்கும் ட்யூனரைத்தான் மாற்ற வேண்டும். காலியான அந்த இடத்தில்தான் இப்போது செல்பேசிக் கோபுரம் பேசிக்கொண்டிருக்கிறது, பழைய பூஸ்டர் அதையும் சேர்த்துப் பெருக்கும். அதற்கு வடிகட்டி ஒன்று உண்டு, விரல் நீளம்தான்.

இரண்டாவது காரணம் வண்டிக்குள்ளேயே. சின்ன டிவி ஒன்றைக் கூரைக்கு எடுத்துப் போய், இல்லையென்றால் ஜன்னல் வழியாக ஒரு புதுக் கேபிளை இழுத்து, ஆன்டெனாவிலிருந்து நேரே மாட்டிப் பாருங்கள். ஆன்டெனாவுக்கு 12 வோல்ட் போக வேண்டும், அதனால் அந்தச் சுவிட்ச் பலகை நடுவில் இருக்கட்டும், மற்ற எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

கூரைக்காரர்:
அதோடு எல்ஈடி விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பாருங்கள். மலிவு விளக்கின் உள்ளே இருக்கும் சின்னச் சுற்று விஎச்எஃப்பில் இரைச்சல் கிளப்பும். இன்வெர்ட்டரும் அப்படியே. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: படுக்கை விளக்கைப் போட்டால் சேனல் போகும், அணைத்தால் வரும்.

நெடுவழி:
செய்தேன். விளக்கு அணைத்ததில் மாற்றமில்லை. நேர்க் கேபிளில் போட்டதும் போன சேனல்களில் பெரும்பாலானவை திரும்ப வந்துவிட்டன! அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினால் ஒரு ஸ்பிளிட்டர், அதிலிருந்து படுக்கையறைக்கு ஒரு வயர், அந்த வயரின் முனையில் டிவியே இல்லை. ஸ்பிளிட்டருக்குள் நுழையும் கனெக்டரைக் கழற்றினால் நடுக்கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு, திருகும் பகுதி கையோடு வந்துவிட்டது.

அலைநீளம்:
இரண்டாகப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் சும்மாவே சிக்னலில் மூன்றரை டெசிபல், அதாவது பாதிக்கு மேல், தின்னும், களிம்பு எவ்வளவு தின்றதோ. ஒப்பிட்டுப் பாருங்கள், மெல்லிய ஆர்ஜி-59 கேபிளைத் தூக்கிப்போட்டு ஆர்ஜி-6 மாற்றினால்கூடப் பத்து மீட்டரில் மிச்சமாவது அரை டெசிபல் மாதிரிதான். டிஜிட்டல் மெல்ல மங்காது, வரம்புக்கு மேலே இருக்கும்வரை சுத்தமாக இருந்து, கீழே இறங்கியதும் மொத்தமாக நின்றுவிடும். அந்த வரம்பில்தான் நீங்கள் தொங்கிக்கொண்டிருந்தீர்கள். ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு நேராக இணையுங்கள், ஆன்டெனா செலவு மிச்சம்.

கூரைக்காரர்:
சேனல் வந்துவிட்டது, சரி. உங்கள் கைப்பிடி அச்சில் தண்ணீர் கசிகிறதா என்று யாரும் கேட்கவில்லையே. களிம்பு பிடித்தது என்றால் ஈரம் எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் கனெக்டரை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் இங்கேயே வந்து இதே கேள்வியைக் கேட்பீர்கள். கூரைச் சீலண்ட் வெடித்துக் கிடந்தால் எப்படியும் அடித்தட்டைக் கழற்றிப் பழையதைச் சுரண்டிவிட்டுப் நீர் புகாமல் ஒட்டிக்கொள்ளும் புது ப்யூட்டைல் பட்டை வைத்து உட்கார்த்த வேண்டும். கழற்றுவதென்று ஆனபின் அந்தப் பழைய சக்கரத்தையே திரும்பப் பூட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அலைநீளம்:
ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்கும், அடித்தட்டைக் கழற்றாமலே மேலிருந்து மாற்றலாம். அதற்காக நல்ல ஆன்டெனாவைத் தூக்கி எறியச் சொல்வது எனக்கும் நியாயமாகப் படவில்லை.

சித்ரா_பயணி:
நீங்கள் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். நெடுவழி, கைப்பிடி சுற்றுவது உங்களுக்குச் சுமையா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நெடுவழி:
சுமை இல்லை. இறக்க மறப்பதுதான் பயம், அதை வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்கிறார். இப்போதைக்குக் கனெக்டரும் வளையமும் மாற்றுகிறேன். கூரைக்காரர், அச்சைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று உள்கூரையில் எந்த இடத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும்?

கூரைக்காரர்:
கைப்பிடியைச் சுற்றியுள்ள வட்ட மூடியைக் கழற்றுங்கள், இரண்டே ஸ்க்ரூ. உள்ளே தெரியும் மரப்பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் அலைநீளம் சொன்னபடி செய்யுங்கள். அமுங்கினால் எனக்குப் படம் போடுங்கள், அப்போது ஆன்டெனாவைப் பற்றிப் பேசப்போவதில்லை, கூரையைப் பற்றித்தான்.