மறு: ஸ்கின் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். வீடியோ கேமில் ஆளுக்கோ துப்பாக்கிக்கோ மாட்டிவிடும் புதுத் தோற்றம்தானே ஸ்கின்? அதற்கு நம் அகராதியில் ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஒருவர் எழுதியிருந்தார்:

> 'தோல்' என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியாது ஐயா. "துப்பாக்கிக்குத் தோல் வாங்கினாயா?" என்று என் அக்கா மகனிடம் கேட்டுப் பார்த்தேன். "உறையா மாமா?" என்கிறான்.

இதுவரை வந்த மற்ற சொற்களும் எங்கேயோ இடிக்கின்றன. 'ஒப்பனைப் பொருள்' என்றால் கண்மையும் உதட்டுச் சாயமும்தான் நினைவுக்கு வரும். 'அணி' நல்ல சொல். ஆனால் விளையாட்டில் அந்த இடத்தை டீம் எப்போதோ பிடித்துக்கொண்டது. 'கவசம்' கூடவே கூடாது, அடி தாங்கும் என்று நம்பிக் காசைக் கொடுத்துவிடுவார்கள்.

அடி தாங்காது என்பதுதான் இந்த வியாபாரத்தின் அச்சாணியே. ஃபோர்ட்நைட் என்ற சுடும் ஆட்டத்தை இலவசமாக ஆடலாம். 2,000 வி-பக்ஸ் (அந்த ஆட்டத்தின் நாணயம்) கொடுத்து உடுப்பு வாங்கியவனுக்கும் ஒன்றுமே வாங்காதவனுக்கும் குண்டு பட்டால் ஒரே அடிதான். அப்புறம் எதற்கு வாங்குகிறான்? மற்றவர்கள் பார்க்கிறார்களே! (ஆட்டம் முழுக்க அவனுக்குத் தெரிவது என்னவோ தன் முதுகுதான்.)

அதனால் என் பரிந்துரை 'கோலம்'. சந்தனக்காப்பு சாத்தினாலும் ராஜ அலங்காரம் செய்தாலும் உள்ளே இருப்பது அதே மூலவர். மணக்கோலம் போல ஆளுக்கும் பொருந்தும்; வாசல் கோலம் போலப் பரப்பின்மேல் இடுவது என்பதால் துப்பாக்கிக்கும் பொருந்தும். கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற இன்னொரு சுடும் ஆட்டத்தில் 2013-இல் வந்த ஸ்கின்கள் துப்பாக்கிமேல் தீட்டிய வண்ணங்கள்தானே? அவற்றின் தேய்மானத்துக்கு ஐந்து படிகள் வேறு உண்டு. கடைசிப் படிக்கு 'அலங்கோலம்' தயாராக இருக்கிறது!

ஸ்கின்களை உள்ளே மறைத்து வைத்துத் தரும் பெட்டியான லூட் பாக்ஸை மட்டும் தயவுசெய்து 'பரிசுப் பெட்டி' ஆக்கிவிடாதீர்கள். பரிசுக்கு யார் காசு கேட்பார்கள்? கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் ஆடும்போது பெட்டி சும்மா கிடைக்கும். அதைத் திறக்கும் சாவிக்குத்தான் 2.49 டாலர். உள்ளே எது விழும் என்று திறக்கும்வரை தெரியாது. 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இதைச் சூதாட்டம் என்றே சொன்னது. 'குலுக்கல் பெட்டி' என்போம்.

---

மறுமொழி:

கோலம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரு சிக்கல். ஃப்ரீ ஃபயர் என்ற மொபைல் ஆட்டத்தில் சில துப்பாக்கி ஸ்கின்கள் சுடும் வேகத்தையும் எதிரிக்கு விழும் சேதத்தையும் கூட்டுகின்றன. அதுவும் கோலமா?

---

மறுமொழி:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அது கோலமில்லை; அங்கே விற்பது வலு. 'வலுக்கோலம்' என்று பிரித்து வைக்கலாம். விற்பவர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொள்ளட்டும், நம் அகராதியில் இரண்டு பதிவு போடுவோம்.