நான்கு வாரப் பயிற்சிக்குப் போவதா, அட்வைசர் வேலையை எங்கே கற்பது?

எல்லைப்புற வாத்தியார்:
சித்தூர் தாலுகாவில் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் இல்லை) ஒரு கல்லூரியில் காமர்ஸ் எடுக்கிறேன். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. 2024இல் நான்கு வருட டிகிரி வந்ததிலிருந்து ஆளுக்கு ஒரு கூட்டம் பிள்ளைகளை, அட்வைசர் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு 28 பேர். மேஜர் (முதன்மைப்பாடம்), மைனர் (துணைப்பாடம்), எம்.டி.சி. (பல்துறைப் பாடம்) எல்லாம் நான்தான் விளக்க வேண்டும், எனக்கு விளக்கியதோ ஒரு மதியக் கூட்டமும் ஒரு பிடிஎஃப்பும்தான்.

போன வாரம் வடகரப்பதிப் பக்கமிருந்து வரும் ஒரு பெண், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், ஃபாரத்தில் மைனர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். ஏம்மா என்றால் "எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு சார்" என்கிறாள். சிரித்துவிட்டேன். அவள் முகம் வாடியதும் சங்கடமாகிவிட்டது. ஓரியண்டேஷன் முழுக்க மலையாளத்தில் நடந்தது. அவளுக்குப் பேச்சு புரியும், எழுத்து ஓடாது.

அடுத்த மாதம் ஃபேக்கல்ட்டி இண்டக்‌ஷன் புரோகிராம் (புது ஆசிரியர்களுக்கான நான்கு வாரப் பயிற்சி) போட விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன். ஆன்லைனா, நேரில் போவதா? அதில் இந்த அட்வைசர் வேலையைச் சொல்லித்தருவார்களா, இல்லை சர்ட்டிஃபிகேட்டுக்கு மட்டும்தானா?

தென்னந்தோப்பு:
தம்பி, முதலில் கணக்கு. யு.ஜி.சி. 2018 விதிப்படி பதவி உயர்வில் லெவல் 10இலிருந்து 11க்குப் போக 21 நாள் ஓரியண்டேஷன் வேண்டும், அதன் இடத்தில்தான் இந்த நான்கு வார இண்டக்‌ஷன். அதற்கான சர்வீஸ், பி.எச்டி. இருந்தால் நான்கு வருடம், இல்லாவிட்டால் எம்.ஃபிலுக்கு ஐந்து, மற்றவர்களுக்கு ஆறு. அதனால் அவசரம் இல்லை, ஆனால் கடைசி வருடம் வரை தள்ளாதீர்கள், அப்போது இடம் கிடைக்காமல் அலைவீர்கள். நடத்தும் மையத்தை நாங்கள் ஸ்டாஃப் காலேஜ் என்போம், பிறகு எச்.ஆர்.டி.சி. ஆனது, 2023இலிருந்து மாளவியா மிஷன். போர்டு மாறியது, மத்தியானத் தூக்கம் மாறவில்லை.

முடிந்தால் நேரில் போங்கள். நான் ஒரு ரெஃப்ரஷரை (இரண்டு வாரப் புத்தாக்கப் பயிற்சி) ஆன்லைனில் முடித்தேன், கேமராவை அணைத்துவிட்டு மச்சினன் கல்யாண வேலை பார்த்தபடி. இரண்டு வாரமும் என்ன நடந்தது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் நேரில் போன ஓரியண்டேஷனில் மைக்ரோ டீச்சிங் என்று பத்து நிமிடம் பாடம் எடுக்கவைத்து வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். பத்து நிமிடத்தில் 23 தடவை "புரிஞ்சுதா" என்றிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பதிலுக்கு நிற்கவில்லை! பின்னால் உட்கார்ந்திருந்த தாவரவியல் மேடம் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த ஒன்றுக்காகவே போகலாம். அட்வைசர் வேலைக்கு ஏதோ ஒரு மதியம் மென்டரிங் என்று ஸ்லைடு ஓட்டுவார்கள், அவ்வளவுதான்.

தேயிலைக்காடு:
மூணாறு பக்கம். எங்களிடம் வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் எஸ்டேட் லயத்துப் பிள்ளைகள், வீட்டில் தமிழ்தான். சார் சொன்ன "மைனர்" கதை இங்கேயும் நடக்கும்.

இதை எந்தப் பயிற்சியும் எனக்குத் தரவில்லை, எங்கள் ஆபீஸில் இருந்த ஒரு செக்‌ஷன் கிளார்க்கிடம் கற்றேன். சேர்ந்த புதிதில் ஒரு பையன் இ-கிராண்ட்ஸ் (அரசு உதவித்தொகை) வரவில்லை என்று வந்தான், நான் "நன்றாகப் படி, மற்றதெல்லாம் வரும்" என்று அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டேன். கிளார்க் சேட்டன் என்னைக் கூப்பிட்டு, அவனுக்குச் சாதிச் சான்றிதழே கிடைக்காது மேடம், 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்துக்கு வந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், தாத்தாவோட பழைய எஸ்டேட் ரெக்கார்டு இருக்கா என்று முதல் நாளே கேட்டிருக்கணும் என்றார். அன்றிலிருந்து அறிவுரையைக் குறைத்துவிட்டேன். பிள்ளை வந்தால் முதலில் பேப்பர்கள், அப்புறம் பஸ் நேரம், அப்புறம்தான் படிப்பு. மூன்றரை ஜீப்பை விட்டால் வீடு போகமுடியாத பிள்ளைக்கு நாலு மணிக்கு நடக்கும் மைனரைத் தேர்ந்துகொடுத்து என்ன செய்ய?

அப்புறம் ஒரே தாளில் எட்டு செமஸ்டரையும் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன், தமிழில். மூன்று வருடத்தில் நின்றால் 133 கிரெடிட், நான்காவது வருடமும் படித்தால் 177. கட்டத்தைப் பிள்ளையே பென்சிலால் நிரப்ப வேண்டும், நான் எழுதமாட்டேன். எங்கே பென்சில் நிற்கிறதோ அங்கேதான் புரியவில்லை, கேட்கவே வேண்டாம்.

கவுன்சலிங் அறை:
ஒன்று மட்டும். அட்வைசர் கவுன்சலர் இல்லை. பிள்ளை அழுதால் உட்காரவைத்துக் கேளுங்கள், ஆனால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டிவரும். ஜீவனி (கல்லூரிகளுக்கான அரசின் மனநலத் திட்டம்) கவுன்சலர் உங்கள் கல்லூரியில் இருந்தால் பெயரைச் சொல்லி அனுப்பாமல் கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வாருங்கள். ராத்திரி நேரத்துக்கு டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

எல்லைப்புற வாத்தியார்:
நன்றி சார், நேரில்தான் போடப்போகிறேன், 23 தடவை விஷயம் பயமாகத்தான் இருக்கிறது. தேயிலைக்காடு மேடம், அந்தக் கட்டத்தாளை ஒரு போட்டோ போடமுடியுமா? எங்கள் பாடங்களை மாற்றி எழுதிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணிடம் இன்று பஸ் நேரம் கேட்டேன், வேலந்தாவளம் வழிதான் போகிறாளாம், நாலரைக்கு இருக்கிறதாம். மைனர் இடம் இன்னும் காலிதான்.

தேயிலைக்காடு:
இரவு போடுகிறேன். முதல் வரியில் "மைனர் என்றால் துணைப்பாடம், வயசு இல்லை" என்று நானே சேர்த்துவிடுகிறேன் :)