ரெசல்யூஷனுக்குத் தமிழ்: 'தெளிவுத்திறன்' போதுமா?

வணக்கம்.

பழைய கணினிகளுக்கான கையேட்டில் திரை அமைப்புப் பகுதியைத் தமிழாக்கும்போது ஒரு வரி இப்படி வந்து நிற்கிறது: "தெளிவுத்திறனைக் கூட்டினால் எழுத்துகள் தெளிவில்லாமல் போகலாம்." மூலத்தில் பிழை இல்லை, தமிழிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் படிப்பவர் சிரிப்பார்.

'தெளிவுத்திறன்' பல மென்பொருள்களின் தமிழ் இடைமுகத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. மாற்றுவதென்றால் வலுவான காரணம் வேண்டும். இதுவரை வந்திருக்கும் மாற்றுகள்: பிரிதிறன், பகுதிறன், நுண்மை, புள்ளியளவு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

———

> மாற்றுவதென்றால் வலுவான காரணம் வேண்டும்.

காரணம் அந்த வரியிலேயே இருக்கிறது. மொழிபெயர்த்தவர்மேல் குற்றமில்லை. ஆங்கிலச் சொல் ஒன்றே மூன்று வேலை பார்க்கிறது.

முதலாவது, கணினியில் நாம் தேர்ந்தெடுக்கும் அமைப்பு: 800×600, 1024×768. இது அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல் (படத்தை ஆக்கும் சிறு புள்ளி) என்ற வெறும் எண்ணிக்கை. இரண்டாவது, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பது. மூன்றாவது, ஒட்டி நிற்கும் இரண்டு புள்ளிகளைத் திரை தனித்தனியாகக் காட்டுமா என்பது. ஒளியியலில் பிரிதிறன் என்றும் பகுதிறன் என்றும் சொல்வது இந்த மூன்றாவதைத்தான்.

எண்ணிக்கை கூடினால் அடர்த்தியும் கூடும் என்றுகூடச் சொல்ல முடியாது. 17 அங்குல எல்சிடியில் 1280×1024 என்றால் அங்குலத்துக்கு 96 பிக்சல். 24 அங்குலத் திரையில் 1920×1080 என்றால் 92 தான். மொத்தப் பிக்சல் 13 லட்சத்திலிருந்து 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது, அடர்த்தியோ இறங்கியிருக்கிறது.

குழாய்த் திரையில், அதாவது சிஆர்டியில், நிலைமை இன்னும் தெளிவு. 15 அங்குலம் என்று விற்ற சிஆர்டியில் கண்ணுக்குத் தெரியும் மூலைவிட்டம் சுமார் 13.8 அங்குலம், அகலம் சுமார் 280 மில்லிமீட்டர். விவரக்குறிப்பில் 0.28 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும் பாஸ்பர் இடைவெளி (குழாயின் உட்புறம் ஒளிரும் ஒரே நிறப் பொட்டுகளுக்கு இடையிலான தூரம்) சாய்வாக அளந்தது. கிடையாக அளந்தால் ஏறத்தாழ 0.24 வரும். 1024 பிக்சலை அந்த அகலத்தில் பரப்பினால் ஒன்றுக்கு 0.27 மில்லிமீட்டர் கிடைக்கும், இது கொள்ளும். 1280 வைத்தால் 0.22. பாஸ்பர் இடைவெளியைவிடப் பிக்சல் சிறியதாகிவிட்டது, பக்கத்துப் பிக்சலோடு கலந்துதான் தெரியும். கணினி 1280-ஐ ஒழுங்காக அனுப்புகிறது, குழாயால் பிரித்துக்காட்ட முடியவில்லை.

ஆக, பிரிதிறன் குழாயோடு பிறந்த குணம். அதை மவுஸால் கூட்ட முடியாது. அமைப்புக்குப் 'பிரிதிறன்' என்று பெயர் வைத்தால், 'தெளிவுத்திறன்' செய்த அதே தப்பைக் கொஞ்சம் படித்த தோரணையில் செய்கிறோம், அவ்வளவுதான்.

———

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். எண்ணிக்கை என்ற பொருள் தொனிக்கும் சொல்தான் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கையேட்டின் அடுத்த பக்கங்கள் முழுக்கப் பெருக்கல் கணக்கு. 'தெளிவுத்திறனை நிற ஆழத்தால் பெருக்குக' என்று எழுதினால் எதை எதால் பெருக்குவது என்று யாருக்கும் புரியாது.

ஒரு திரைக்குத் தேவையான நினைவகக் கணக்கு இதுதான். அகலம் × உயரம் × ஒரு பிக்சலின் நிறத்துக்கான பைட், அதாவது நிற ஆழம். 8 பிட் நிறத்துக்கு 1 பைட், 16 பிட்டுக்கு 2, 24 பிட்டுக்கு 3. 800×600-ஐ 16 பிட்டில் வைத்தால் 9,60,000 பைட், 1 எம்பி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டில் அடங்கும். 1024×768-ஐ அதே கார்டில் வைத்தால் 8 பிட், அதாவது 256 நிறம்தான் கிடைக்கும். 16 பிட் வேண்டுமென்றால் 15,72,864 பைட், 2 எம்பி கார்டு தேவை. 24 பிட்டுக்கு 23,59,296 பைட். 2 எம்பி என்பது 20,97,152 பைட் என்பதால் கொஞ்சத்தில் தவறிப்போய் 4 எம்பி கேட்கிறது. அமைப்புப் பெட்டியில் பிக்சலைக் கூட்டும்போது நிறம் தானாகக் குறைவது இதனால்தான். பயனர் இதைக் கோளாறு என்று நினைத்து டிரைவரை அழித்து மறுபடி நிறுவுவார்.

முப்பரிமாண விளையாட்டு என்றால் இதே அளவு மூன்று மடங்காகும்: திரையில் தெரியும் படம், பின்னால் வரைந்துகொண்டிருக்கும் படம், எது முன்னால் எது பின்னால் என்ற ஆழத் தகவல். 4 எம்பி உள்ள முதல் வூடூ என்ற முப்பரிமாணக் கார்டில் படத்துக்கு ஒதுக்கியது 2 எம்பி மட்டும், மீதி 2 எம்பி டெக்ஸ்சருக்கு (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களுக்கு). 640×480 × 2 பைட் × 3 = 18,43,200, அடங்கும். 800×600 என்றால் 28,80,000. அதனால் அந்தக் கார்டில் 800×600 வேண்டுமென்றால் ஆழத் தகவலை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

நினைவகம் போதும் என்றாலும் விஷயம் முடிவதில்லை. திரையை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறோம் என்பதும் பெருக்கலில் சேர்கிறது. 1024×768, 16 பிட், 85 ஹெர்ட்ஸ் என்றால் படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டும் நொடிக்குச் சுமார் 134 எம்பி படிக்க வேண்டும். வரைவதற்கு மிஞ்சுவதுதான் மிச்சம். மதர்போர்டிலேயே கிராபிக்ஸ் இருந்து முதன்மை நினைவகத்தைப் பங்கிட்டுக்கொண்டால் அடி பிராசசருக்கும் விழுகிறது. 1280×1024, 32 பிட், 75 ஹெர்ட்ஸ் நொடிக்கு 393 எம்பி தின்னும். பிசி133 நினைவகத்தின் உச்ச வேகமே நொடிக்குச் சுமார் 1,066 எம்பி. எந்த வேலையும் செய்யாமல் திரையைக் காட்டிக்கொண்டிருப்பதற்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. இத்தகைய கணினியில் பிக்சலைக் குறைக்க மனமில்லாவிட்டால் நிறத்தை 16 பிட்டுக்கு இறக்கினாலே அந்தச் சுமை பாதியாகும். அதைக் கையேடு முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

சிஆர்டியின் கிடை அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை வரிசை வரைய முடியும் என்பது, தனி வரம்பு. 1024×768-க்கு 60 ஹெர்ட்ஸில் 48.4 கிலோஹெர்ட்ஸ், 75-இல் 60.0, 85-இல் 68.7. 1280×1024-க்கு 60 ஹெர்ட்ஸிலேயே 64 வந்துவிடும். உச்சம் 70 கிலோஹெர்ட்ஸ் உள்ள மானிட்டர் அந்த 60-ஐக் காட்டும், 75-ஐக் காட்டாது, ஏனெனில் அதற்கு 80 வேண்டும். பயனர் 'பெரிய எண்' கிடைத்ததென்று மகிழ்ந்து 60 ஹெர்ட்ஸ் சிமிட்டலில் உட்கார்ந்து கண் வலிக்கிறது என்பார். என் கருத்தில் 60-இல் 1280-ஐவிட 85-இல் 1024 எவ்வளவோ மேல்.

இவ்வளவையும் 'தெளிவு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எழுத முடியாது.

———

சரி, சொல்லுக்கு வருவோம்.

'நுண்மை' அடர்த்தியைத்தான் காட்டும். எண்ணிக்கைக்குப் பொருந்தாது. 'புள்ளியளவு' என்றால் ஒரு புள்ளி எவ்வளவு பெரியது என்ற பொருள்தான் முதலில் தோன்றும், மேலே சொன்ன 0.28-க்குப் போய்விடும். 'புள்ளித்தொகை' என்று ஒன்றை யோசித்துப் பார்த்தேன். அது 7,86,432 என்ற ஒற்றை எண்ணைச் சொல்லும். நமக்கு வேண்டியது அகலமும் உயரமுமான இரட்டை எண். 1280×1024-ஐயும் 1280×960-ஐயும் ஒரே மாதிரி நினைத்து 4:3 குழாயில் முதலாவதை வைத்தால் வட்டம் நசுங்கிவிடும். இரட்டை எண் என்பது அவ்வளவு முக்கியம்.

இரட்டை எண்ணை மொழி ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கோலத்துக்குக் கணக்குச் சொல்லும்போது "15 புள்ளி, 15 வரிசை" என்கிறோம். ஒரு வரிசைக்கு இத்தனை புள்ளி, இப்படி இத்தனை வரிசை. திரையும் அதேதான்: 1024 புள்ளி, 768 வரிசை. ஆகவே என் முன்மொழிவு 'புள்ளிவரிசை'. உடன்பிறப்புகளும் தாமாக வந்து சேர்கின்றன. அங்குலத்துக்கு எத்தனை என்பது 'புள்ளியடர்த்தி'. பாஸ்பர் இடைவெளி 'புள்ளியிடை'. பிரிதிறன் ஒளியியலில் உள்ள பொருளிலேயே குழாய்க்கு இருக்கட்டும்.

———

> ஆகவே என் முன்மொழிவு 'புள்ளிவரிசை'.

பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு சிக்கல்.

முதலாவது, எழுத்தளவு. 9 பாயிண்ட் எழுத்தை '9 புள்ளி' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு, பிக்சல் அல்ல. இரண்டும் 'புள்ளி' ஆனால் இந்த அதிகாரத்திலேயே மோதும், ஏனெனில் எழுத்து எவ்வளவு சிறுக்கும் என்பதுதான் பயனரின் முதல் கேள்வி. 96 டிபிஐ அமைப்பில் (அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கிடுவது) 9 பாயிண்ட் எழுத்துக்கு 12 பிக்சல் உயரம் கிடைக்கும். 120 டிபிஐ, அதாவது 'பெரிய எழுத்து', தேர்ந்தெடுத்தால் 15. தமிழுக்கு இந்த 3 பிக்சல் வித்தியாசம் சாதாரணமில்லை. 12-இல் 'ணை', 'னை' இரண்டின் சுழிகளையும் எண்ணிப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளிக்கு ஒரு பிக்சல்தான் மிஞ்சும் (இங்கே மூன்றாவது 'புள்ளி' வந்துவிட்டதைக் கவனியுங்கள்!). லத்தீன் எழுத்துக்கு வசதியாக இருக்கும் புள்ளிவரிசை தமிழுக்கு ஒரு படி அதிகம் என்பதைக் கையேடு சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, 'வரிசை' என்றால் அடுக்கு, தொடர் என்றும் பொருள். "புள்ளிவரிசையை மாற்றுக" என்றால் புள்ளிகளின் ஒழுங்கை மாற்றச் சொல்வதாக யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

———

இரண்டாவது சிக்கல் பெரிதில்லை. சொல்லுக்கு அருகில் 1024×768 என்ற எண் எப்போதும் இருக்கும், அதைப் பார்த்தபிறகு யாரும் தடுமாற மாட்டார்கள். முதலாவது உண்மையான மோதல். எழுத்தளவை 'பாயிண்ட்' என்றே விட்டுவிடுவோம். அச்சுத் தொழிலில் அது ஏற்கெனவே தமிழ்ச்சொல் போல ஆகிவிட்டது. தனி அலகு என்று வரும்போது பிக்சலைப் 'பிக்சல்' என்றே எழுதலாம். கூட்டுச்சொல்லில் மட்டும் 'புள்ளி' வரட்டும்.

எல்சிடிக்கு ஒரு சொல் விட்டுப்போயிற்று. அதன் கண்ணாடியில் பதிந்திருக்கும் எண்ணிக்கைக்கு 'இயல் புள்ளிவரிசை' என்கிறேன். 1280×1024 கண்ணாடியில் 1024×768 அனுப்பினால் கிடையில் 1.25 மடங்கு, நெடுக்கில் 1.33 மடங்கு இழுக்க வேண்டும். ஒரு பிக்சல் சில இடத்தில் ஒன்றாகவும் சில இடத்தில் இரண்டாகவும் விழும், அல்லது பக்கத்தோடு குழைத்துப் பூசப்படும். 1600×1200 கண்ணாடியில் 800×600 சரியாக இரண்டிரண்டாக விழும் என்பதால் அங்கே கணக்கில் பிசிறில்லை. சிஆர்டிக்கு இயல் புள்ளிவரிசை என்று ஒன்று கிடையாது. அதற்குப் பிரிதிறன் வரம்பு மட்டுமே.

புதிய திரையைப் பழைய கணினியில் மாட்டுபவர்களுக்கும் இதே சொற்கள் உதவுகின்றன. ஒற்றை இணைப்பு டிவிஐ (திரையை இணைக்கும் ஒரு வகை வடம்) 165 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 16.5 கோடி பிக்சல், வரைதான் கொண்டுபோகும். 1920×1080, 60 ஹெர்ட்ஸுக்கு 148.5 வேண்டும், சரி. 2560×1440-க்கு வரிசைகளுக்கு இடையே விடும் இடைவெளி நேரத்தைக் குறைத்தாலும் 241.5 ஆகிவிடும், போகாது. எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு உள்ள கணினியில் 3840×2160 கிடைக்கும், ஆனால் 30 ஹெர்ட்ஸில். மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். அப்போது திரையின் இயல் புள்ளிவரிசையை விட்டு 1920×1080-க்கு இறங்குவதே நல்லது, அங்கும் இரண்டிரண்டாகச் சரியாக விழும்.

கையேட்டு வரிகளை மாற்றி எழுதிப் பார்த்தேன், சரிபார்க்கவும்:

"புள்ளிவரிசையைக் கூட்டினால் எழுத்துகள் சிறுக்கும். குழாயின் பிரிதிறனைத் தாண்டினால் மங்கவும் செய்யும். முதலில் நிறத்தை 16 பிட்டுக்கு இறக்குங்கள். பிறகு புள்ளிவரிசையை ஒரு படி மட்டும் கூட்டுங்கள். திரை வந்தபின் புதுப்பிப்பு வீதத்தை 75 அல்லது 85-க்கு உயர்த்துங்கள். 'இந்த மானிட்டர் காட்ட முடியாத அமைப்புகளை மறை' என்ற குறியை எடுக்க வேண்டாம். குழாய் கீச்சென்று ஒலித்தால் உடனே மானிட்டரை அணையுங்கள். திரை கறுத்தால் எந்த விசையையும் அழுத்தாமல் 15 நொடி பொறுங்கள், பழைய அமைப்பு தானாகத் திரும்பும். திரும்பாவிட்டால் கணினியை மறுபடி தொடங்கி, விண்டோஸ் எக்ஸ்பி எழுவதற்குமுன் எஃப்8 அழுத்தி விஜிஏ முறையில் (அடிப்படைத் திரை அமைப்பில்) நுழையுங்கள்."

———

சரியாக வந்திருக்கிறது. ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும். விஜிஏ முறை 640×480-இல் எழுந்தால் சில அமைப்புப் பெட்டிகள் 480 வரிசைக்குள் அடங்குவதில்லை. 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும், தமிழ் இடைமுகத்தில் பெயர்கள் நீளம் என்பதால் இன்னும் சீக்கிரம் போகும். ஆல்ட் விசையோடு ஸ்பேஸ்பாரை அழுத்தி, வரும் பட்டியலில் 'நகர்த்து' தேர்ந்தெடுத்து, மேல் அம்பு விசையால் பெட்டியை ஏற்றிக்கொள்ளலாம். அமைப்பைத் திருத்திய பிறகு எண்டர் தட்டினாலும் போதும், பொத்தான் கண்ணில் படவேண்டியதில்லை.