[கலைச்சொல்] ஆறிய அழுத்தமா, குளிர் அழுத்தமா? ஸ்போர்ட்ஸ் கார் டயர் கையேட்டுக்காக

கோவை, ஆட்டோமொபைல் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம்ங்க. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டிய கையேடு ஒன்று ஒரே ஒரு சொல்லால் நிற்கிறது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஓட்டிப் பழகும் நாட்களில் என் மாணவர்கள் கூடமாட ஒத்தாசைக்குப் போகிறார்கள். அவர்களுக்காக டயர் தேர்வையும் காற்றழுத்தத்தையும் தமிழில் எழுதியிருக்கிறேன். கோல்ட் பிரஷர், அதாவது வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் டயரில் இருக்கும் காற்றழுத்தம், என்பதற்கு என்ன போடலாம்?

போன முறை "குளிர் அழுத்தம் 32" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு கார் ஐந்து சுற்று ஓடிவிட்டு வந்து நின்றது. பையன் அழுத்தம் பார்க்கும் கேஜை வைத்துப் பார்த்தான், 38 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு). கதவோர ஸ்டிக்கரிலும் 32 என்றே இருந்ததால், வால்வை அழுத்தி ஆறு பிஎஸ்ஐயை இறக்கிவிட்டான். கேட்டால், "குளிர் அழுத்தம்னா ஊட்டி மாதிரி ஊருக்குச் சொன்னதுன்னு நெனச்சேன் சார்" என்கிறான். மறுநாள் காலை அந்தக் கார் சேலம் கிளம்பியது. வழியில் பெட்ரோல் பங்கில் பார்த்தபோது 26தான் இருந்திருக்கிறது. அந்தக் காற்றோடு நெடுஞ்சாலையில் வேகம் எடுத்திருந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்னும் உடம்பு பதறுகிறது. பையன் மேல் தப்பில்லை, என் சொல்லில்தான் தப்பு.

கணக்கு எளிது. 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர், உள்ளே காற்று 70 டிகிரிக்குச் சூடேறினால் 38 காட்டும். ஸ்டிக்கரில் இருக்கும் எண் ஓடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது. இதைச் சொல்லும்போதே புரியவைக்கிற ஒரு சொல் வேண்டும்.

ஈரோடு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

தம்பி, அழுத்தத்துக்குப் போகுமுன் டயருக்கு வாருங்கள். அடிச்சொல்லைக் கடன் வாங்கிவிட்டு அதன்மேல் எத்தனை கலைச்சொல் கட்டினாலும் நிற்காது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணரின் வண்டியைச் சொல்லும் இடத்தில் "முழவின் அன்ன முழுமர உருளி" வருகிறது. அதற்கு முந்தைய அடியிலேயே "கொழுஞ்சூட்டு" இருக்கிறது. சக்கரத்தின் விளிம்பில் சூட்டப்பட்டது சூட்டு. பூவைச் சூட்டுகிறோம், முடியைச் சூட்டுகிறோம், உருளிக்கும் ஒன்றைச் சூட்டுகிறோம். டயர் என்ற பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உலகத்தில் இல்லை.

புறநானூறு 185இல் "கால்பார் கோத்து" என்று வரும் கால், சக்கரம். காற்றுக்கும் கால் என்று பெயர் உண்டு. சக்கரமும் காற்றும் ஒரே சொல்லில் அடங்கிய மொழியில் டயருக்குச் சொல் இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்று காட்டும் சுமைக்குறி எண்ணை விளக்கும் இடத்தில் "பீலிபெய் சாகாடும்" குறளையும் சேர்த்துவிடுங்கள்.

நாமக்கல், டயர் கடை:

ஐயா மன்னிக்கோணும். சூட்டு நல்ல சொல்தானுங்க, ஆனால் இந்தக் கையேட்டில் வைக்க முடியாது. "சூட்டு அழுத்தம்" என்று எழுதினால் டயர் அழுத்தமா, சூடான அழுத்தமா? சூடு என்ற சொல் உருபு ஏற்கும்போது சூட்டு ஆகிவிடுகிறதே. எந்த இரண்டையும் பிரித்துக் காட்ட இந்தக் கையேடு வருகிறதோ, அந்த இரண்டும் ஒரே எழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டயர் டயராகவே இருக்கட்டும்ங்க. நான் முப்பது வருசமாக லாரிக்கு நூறுக்கு மேல் காற்றுப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "உருளிச் சூட்டைக் கழற்றித் தா" என்று கேட்டால் என் பையன் திருதிருவென்று முழிப்பான்.

சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றி வரும் டிரைவர் வண்டியை நிறுத்தியதும் காற்றுப் பார்க்கச் சொன்னால், "வண்டி ஆறட்டும், டீ குடிச்சுட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பேன். எங்கள் பட்டறையில் புழங்குவது அவ்வளவுதான்.

திருப்பூர், மொழிபெயர்ப்பாளர்:

அண்ணா, டயரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் "ஆறட்டும்" பேச்சுக்கு ஆகும், கலைச்சொல்லுக்கு ஆகாது. எதிர்ச்சொல்லும் சேர்ந்து ஒரே அமைப்பில் இருந்தால்தான் மாணவர் மனத்தில் நிற்கும். தண்ணிலை அழுத்தம், வெந்நிலை அழுத்தம் என்று வைக்கலாம். வெந்நீர், தண்ணீர் தெரிந்தவர்களுக்கு இது புரியாமல் போகாது.

இன்னொன்று. ஆறுவது என்றால் முன்னால் சூடாக இருந்திருக்க வேண்டும். கடையிலிருந்து இன்றைக்குத்தான் மாட்டிய புது டயர் எப்போது சூடாயிற்று, எப்போது ஆறிற்று?

கோவை, ஆட்டோமொபைல் ஆசிரியர்:

நாமக்கல் அண்ணன் சொன்ன "ஆறட்டும்" எனக்குப் பளிச்சென்று பட்டது. இலக்கணப்படியும் பார்த்தேன். "குளிர் அழுத்தம்" வினைத்தொகை. காலம் மறைந்துவிடுகிறது. குளிர்ந்ததா, குளிர்கிறதா, குளிரான ஊரா என்று பையன் குழம்பியது அதனால்தான். எங்களுக்கு வேண்டியது இறந்தகாலம்: ஓடியது, சூடேறியது, நின்றது, ஆறியது. "ஆறிய அழுத்தம்" என்ற பெயரெச்சத்தில் அந்தக் கதை முழுவதும் இருக்கிறது. மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது என்பதுதான் விதி. ஆறிய சோறு எது, ஆறாத சோறு எது என்று தெரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணிலை என்பதில் தங்கைக்கு ஒரு சிக்கல் சொல்கிறேன். வைகாசி வெயிலில் செட்டிபாளையத்தில் 37 டிகிரி. அங்கே எந்த டயரும் தண்ணென்று இருக்காது. ஆனாலும் ஓடாமல் நிழலில் நின்ற டயர் ஆறிய டயர்தான். ஆறுதல் என்பது சுற்றியிருக்கும் காற்றின் சூட்டுக்கு வந்து சேர்வது. இயற்பியலும் அதைத்தான் சொல்கிறது.

பந்தய நாளுக்கு எதிர்ச்சொல் கட்டாயம் வேண்டும். தடத்தில் ஓட்டுகிறவர் ஓடி வந்த சூட்டில் இருக்கும் எண்ணைத்தான் குறி வைப்பார். காலையில் வேண்டுமென்றே குறைத்து வைத்துக் கிளம்பி, சில சுற்றுக்குப் பிறகு பார்த்துச் சரிசெய்வார். அன்றைக்கு அந்தப் பையன் காற்றை இறக்கியது தடத்துக்குத் தப்பே இல்லாமல்கூட இருக்கலாம். வீட்டுக்குக் கிளம்புமுன் திரும்ப ஏற்றாததுதான் ஆபத்து. அதற்கு "சூடேறிய அழுத்தம்" போடுகிறேன். ஆறிய, சூடேறிய. இரண்டும் பெயரெச்சம்.

ஈரோடு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

"ஆறுவது சினம்" என்று ஔவை சொன்ன ஆறு. சினமும் வெம்மைதான், அது தணிவதும் ஆறுதல்தான். புண் ஆறுவதும் பசி ஆறுவதும் இதே வினை. நல்ல வேர். தணிந்த அழுத்தம் என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன், அது குறைந்த அழுத்தம் என்று பொருள்படும். சுருக்குகிறேன் என்று "ஆறழுத்தம்" ஆக்கிவிடவும் வேண்டாம், எண் ஆறு குறுக்கே வந்து நிற்கும்.

இருந்தாலும் ஆறுவது டயர், அழுத்தம் அல்ல. "ஆறிய நிலை அழுத்தம்" என்பதே பிழையற்றது. சூட்டு பற்றி என் கருத்து மாறவில்லை.

நாமக்கல், டயர் கடை:

நிலை எல்லாம் வேண்டாம்ங்க, கேஜுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டச் சின்னதாக இருக்கட்டும். அப்புறம், கோவை அண்ணாவுக்கு ஒன்று. கையேட்டில் ஸ்லிக் டயரை "மொட்டை டயர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றியே ஆகோணும். எங்கள் கடையில் மொட்டை என்றால் தேய்ந்துபோனது, கழற்றிப் போட வேண்டியது. ஸ்லிக் புதிதாகவே வரியில்லாமல் வருவது, காய்ந்த தடத்தில் ரப்பர் முழுக்கத் தரையில் படியோணும் என்பதற்காக. மாணவன் மாற்றிப் புரிந்துகொண்டு தேய்ந்த டயரோடு மழையில் போனால் என்ன ஆவது? "வரியில்லா டயர்" என்று போடுங்க.

திருப்பூர், மொழிபெயர்ப்பாளர்:

வரியில்லா டயருக்கு என் ஆதரவு. ஆனால் ஜிஎஸ்டி இல்லாத டயர் என்று யாராவது படிக்கக்கூடும், அதனால் "பள்ளவரி இல்லா டயர்" என்று போடலாம். ஆறிய அழுத்தத்தை ஏற்கவில்லை. புது டயர் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோவை, ஆட்டோமொபைல் ஆசிரியர்:

மொட்டையை எடுத்துவிட்டேன், பள்ளவரி இல்லா டயர் என்று மாற்றியாயிற்று. கேட்ட ஏழு பேரில் நால்வர் ஆறிய அழுத்தம், இருவர் தண்ணிலை, ஐயா ஒருவர் ஆறிய நிலை அழுத்தம். நாளை காலை அச்சகத்தில் கொடுக்கிறேன். புது டயரைப் பற்றி ஒரு வரி அடிக்குறிப்பில் சேர்க்கிறேன் தங்கச்சி: "ஓடாத டயரும் ஆறிய டயராகவே கொள்ளப்படும்."

திருப்பூர், மொழிபெயர்ப்பாளர்:

அடிக்குறிப்பு தேவைப்படும் சொல் இன்னும் பழுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன் அண்ணா. ஓடாமல் வெயிலில் நின்ற காரில் ஒரு பக்க டயர் மட்டும் வெயில் பட்டுச் சூடேறியிருந்தால்? உங்கள் அடிக்குறிப்பின்படி அதுவும் ஆறிய டயர்தானா?